ஆடியோ கம்பெனி கூப்பிடும்போது

சொந்தமாகப் பாட்டு போட்டு யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு நாள் இன்ஸ்டாகிராமில் இப்படி ஒரு செய்தி வரும்: “ப்ரோ, பாட்டு கேட்டோம். செம. எங்க லேபிள்ல பண்ணலாமா?” அதன் பிறகு இரண்டு மூன்று ஃபோன் பேச்சு, ஒரு மீட்டிங். அடுத்த வாரம் இருபது பக்க ஆங்கில ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்து விழும். “ஸ்டாண்டர்டு அக்ரிமென்ட்தான், எல்லாரும் போடுறதுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள சைன் பண்ணிடுங்க” என்பார்கள். அட்வான்ஸ் தொகை எழுதியிருக்கும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் நம்மிடையே நிறைய. மீதிப் பக்கங்களில் என்ன இருக்கும், எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதற்குத் தலையாட்டக் கூடாது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இந்தியச் சட்டத்தை வைத்துப் பேசுகிறேன். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நண்பர்களுக்கு அவரவர் நாட்டுச் சட்டம் வேறு. ஆனால் சென்னை, மும்பை நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடும்போது பெரும்பாலும் இந்தியச் சட்டமே பொருந்தும் என்று எழுதியிருப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் இது பயன்படும்.

எதைக் கொடுக்கிறோம்?

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரே பாட்டுக்குள் மூன்று தனித்தனிச் சொத்துகள் இருக்கின்றன. வரிகள் எழுதியவருடையவை. மெட்டு இசையமைத்தவருடையது. பதிவான ஒலி, அதாவது மாஸ்டர், அதைத் தயாரித்தவருடையது. யார் முன்முயற்சி எடுத்துப் பொறுப்பேற்றுப் பதிவை நடத்தினாரோ அவரே தயாரிப்பாளர். உங்கள் பாட்டை நீங்களே எழுதி, மெட்டமைத்து, கைக்காசு போட்டு ரெக்கார்டு செய்திருந்தால் மூன்றும் உங்களுடையவைதான். இதற்கு எங்கும் போய்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை. படைத்த கணமே உரிமை வந்துவிடுகிறது. வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிமை, படைத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் மறைவுக்குப் பின் இன்னும் 60 ஆண்டுகள். ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று 50 ஆண்டுகளுக்கு உண்டு.

ஆடியோ கம்பெனி முதலில் குறி வைப்பது மாஸ்டரை. ஸ்ட்ரீமிங் பணத்தின் பெரும்பகுதி அதன் பின்னால்தான் வரும். பல ஒப்பந்தங்கள் அதோடு நிற்பதில்லை. வரிகளையும் மெட்டையும் சேர்த்தே கேட்கும். இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். மாஸ்டரைக் கொடுப்பது வேறு, மெட்டையும் வரிகளையும் கொடுப்பது வேறு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உலகத்துக்கே புரிய வைத்தவர் டெய்லர் ஸ்விஃப்ட். அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்கள் பிக் மெஷின் நிறுவனத்திடம் இருந்தன. 2019-இல் அந்த நிறுவனம் கைமாறியபோது மாஸ்டர்களும் சேர்ந்து கைமாறின. அவரால் தடுக்க முடியவில்லை. ஆனால் பாட்டுகளை எழுதியவர் என்ற உரிமை அவரிடமே இருந்தது. மறுபதிவுக்கு ஒப்பந்தம் போட்ட தடைக்காலம் முடிந்ததும் அவற்றில் நான்கு ஆல்பங்களின் பாட்டுகளைத் திரும்பப் பாடிப் பதிவு செய்து 2021 முதல் ஒவ்வொன்றாக வெளியிட்டார். ரசிகர்கள் புதிய பதிவுகளையே கேட்டார்கள். 2025 மே மாதம் பழைய மாஸ்டர்களையும் விலை கொடுத்து வாங்கிவிட்டார். மெட்டும் வரிகளும் கையில் இல்லாமல் போயிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. அத்தனை பெரிய நட்சத்திரத்துக்கே ஆறு ஆண்டுகள் ஆயின என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்த கேள்வி, கொடுப்பது எந்த வகையில் என்பது. உரிமையை எழுதிக் கொடுத்துவிடுவது ஒன்று. குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்த உரிமம் தருவது இன்னொன்று. ஊரில் நிலத்தைக் கிரயம் செய்வதற்கும் குத்தகைக்கு விடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. ஐந்து, ஏழு, அதிகம் போனால் பத்து ஆண்டுக்கு உரிமம் கொடுத்தால் காலம் முடிந்ததும் மாஸ்டர் உங்களிடம் திரும்பிவிடும். நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட்டால் திரும்பாது. ஒப்பந்தத்தில் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும், இன்று உள்ள, இனிக் கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும்’ என்ற பொருளில் ஒரு நீண்ட வாக்கியம் இருக்கும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மீதிப் பத்தொன்பது பக்கமும் எழுதப்பட்டிருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்த விஷயத்தில் சட்டம் படைப்பாளி பக்கம் நிற்கிறது. பிரிவு 19-இன்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமைகள், எத்தனை காலம், எந்த நாடுகளில், ராயல்டி எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். வேறு விதமாக எழுதியிருந்தால் மட்டும் ஆகாது. அந்த ‘வேறு விதமாக’ என்பதைத்தான் கம்பெனி வக்கீல்கள் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். “ஓராண்டுக்குள் பாட்டை வெளியிடாவிட்டால் உரிமைகள் எனக்குத் திரும்பும்” என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். பாட்டை வாங்கி அலமாரியில் பூட்டிவைக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. பாட்டைப் போட்ட இளைஞனின் இரண்டு வருடம் அதோடு போய்விடும்.

2012-இல் சட்டத்தில் வந்த திருத்தம் ஒவ்வொரு பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தெரிந்திருக்க வேண்டியது. அதற்கு முன்னால் சினிமாவிலும் ஆடியோ உலகிலும் ஒரே தொகையாகக் கொடுத்து எல்லாவற்றையும் எழுதி வாங்கிவிடுவது வழக்கம். 1977-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் தயாரிப்பாளர்களுக்கே சாதகமாக அமைந்தது. இந்த நிலைமையை மாற்ற வேண்டும் என்று பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் வாதாடினார். திருத்தத்துக்குப் பிறகு நிலைமை இது: வரிகளையும் மெட்டையும் நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் அவற்றுக்கு வரும் ராயல்டியில் வாங்கியவரோடு சரிபாதி பெறும் உரிமையை உங்களால் விட்டுக்கொடுக்கவே முடியாது. உங்கள் வாரிசுக்கும், படைப்பாளிகளுக்காக ராயல்டி வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே அதை மாற்ற முடியும். “எல்லா ராயல்டியையும் விட்டுத் தருகிறேன்” என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வரி செல்லாது. ஒப்பந்தம் போடும் நேரத்தில் இல்லாத புதிய ஊடகம் எதுவும் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படாவிட்டால் சேராது என்பதும் அதே திருத்தம்தான். கேசட் காலத்து ஒப்பந்தங்களை வைத்து சிடி, ரிங்டோன், ஸ்ட்ரீமிங் என்று உரிமை கோரியதில் எழுந்த சச்சரவுகள் எத்தனை! இளையராஜா சம்பந்தப்பட்ட வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். எச்எம்வி காலத்துப் பதிவுகளை சரிகம நிறுவனம் 2017-இல் கார்வான் என்ற இசைப் பெட்டிக்குள் வைத்து விற்றபோது, பழைய பாட்டு என்று எதையும் கழித்துக் கட்ட முடியாது என்பது எல்லாருக்கும் புரிந்தது. இன்று உங்கள் பாட்டுக்கு மாதம் நூறு ரூபாய் வருகிறது என்பதால் அதன் மதிப்பு நூறு ரூபாய் ஆகிவிடாது.

அட்வான்ஸ் என்பது கடன்

கம்பெனி தரும் முன்பணத்தைச் சம்பளம் என்று நினைப்பவர்கள் அதிகம். அது உங்கள் பங்கிலிருந்து கழிக்கப்படப் போகும் தொகை. திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்பது உண்மை; ஆனால் அது முழுதாகக் கழியும்வரை உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது. கழிப்பது அட்வான்ஸை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். வீடியோ செலவு, விளம்பரச் செலவு, சில நேரம் மிக்ஸிங் செலவு எல்லாம் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்களுக்கு அட்வான்ஸ் 3 லட்சம். வீடியோவுக்கு 5 லட்சம், விளம்பரத்துக்கு 2 லட்சம் கம்பெனி செலவு செய்தது. மொத்தம் 10 லட்சம். உங்கள் ராயல்டி 20 சதவீதம். பாட்டு நன்றாக ஓடி 10 லட்சம் சம்பாதித்துவிட்டது என்று வையுங்கள். கம்பெனி போட்ட காசு கைக்கு வந்துவிட்டது. உங்களுக்கு? உங்கள் பங்கு 2 லட்சம். அது 10 லட்சக் கடனில் கழியும். இன்னும் 8 லட்சம் பாக்கி என்று கணக்கு காட்டும். பாட்டு 50 லட்சம் சம்பாதிக்கும் நாளில்தான் உங்கள் பாக்கி தீரும். அந்த நாளில் கம்பெனியின் லாபம் 40 லட்சம். உங்கள் கையில் இருப்பது தொடக்கத்தில் வாங்கிய அதே 3 லட்சம்.

இதே பாட்டை, ‘செலவு போக மிச்சத்தில் ஆளுக்குப் பாதி’ என்ற முறையில் போட்டிருந்தால் 50 லட்சத்தில் 10 லட்சம் கழித்து மீதி 40 லட்சத்தில் 20 லட்சம் உங்களுடையது. அட்வான்ஸ் 3 லட்சம் தனி. பாட்டு ஒன்று, செலவு ஒன்று, வருமானம் ஒன்று. ஒப்பந்தத்தின் ஒரு பத்தி மட்டும் வேறு. ஆகவே “எத்தனை சதவீதம்?” என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எதிலிருந்து சதவீதம், கழிப்பதற்கு முன்னாலா பின்னாலா, என்னென்ன செலவைக் கழிக்கலாம், எவ்வளவுக்கு மேல் செலவு செய்ய என் சம்மதம் வேண்டும் என்று கேளுங்கள். சிறிய லேபிள்களில் பல, பாதிப் பாதி முறைக்கு ஒத்துக்கொள்ளும். கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

இன்னொரு கண்ணி, ஒரு பாட்டின் பாக்கியை இன்னொரு பாட்டில் கழிப்பது. மூன்று பாட்டுக்கு ஒப்பந்தம். முதல் பாட்டு ஓடவில்லை, இரண்டாவதும் ஓடவில்லை, மூன்றாவது பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. மூன்றாவதன் பணம் முதல் இரண்டின் பள்ளத்தை நிரப்பவே போய்விடும். ஒவ்வொரு பாட்டுக்கும் தனிக் கணக்கு என்று எழுதச் சொல்லுங்கள். பதிப்புரிமைச் சங்கத்தின் வழியாக உங்களுக்கு வரும் ராயல்டி இந்தக் கணக்கில் சேராது என்றும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

கணக்கு என்று ஒன்று கைக்கு வந்தால்தானே இதெல்லாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது எந்தத் தளத்தில் எத்தனை ஸ்ட்ரீம், எவ்வளவு பணம் என்ற அறிக்கை வர வேண்டும். சந்தேகம் இருந்தால் ஆடிட்டரை வைத்துக் கம்பெனியின் கணக்கைப் பார்க்கும் உரிமையும் வேண்டும். 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’யை அறியாத தமிழர் இல்லை. தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த அந்தப் பாட்டு கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டது. மூன்று ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டின் வருமானத்திலிருந்து தங்கள் மூவருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். பிரபலமான இசையமைப்பாளர் ஒருவரே காணொளி வெளியிட்டுப் பேச வேண்டிய நிலை என்றால், முதல் பாட்டு போடும் பையன் எந்த வாசலில் போய் நிற்பான்? அறிக்கை வரும் தேதி, பணம் வரும் தேதி, வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை மூன்றையும் காகிதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்பெனி தேவைதானா?

இதுவரை சொன்னதை வைத்து லேபிள் என்றாலே பகை என்று நினைக்க வேண்டாம். நல்ல கம்பெனி தரும் சில விஷயங்களைத் தனி ஆளாகச் செய்வது கடினம். யூடியூபில் பல லட்சம் பேர் பின்தொடரும் சேனல், ஸ்ட்ரீமிங் தளங்களின் ஆசிரியர் குழுவோடு பழக்கம், எஃப்எம், நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள், சினிமா இயக்குநர்களுடன் தொடர்பு, தரமான வீடியோவுக்குப் பணம் எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. 2024 தொடக்கத்தில் திங்க் மியூசிக் வழியாக வந்த ‘கட்சி சேர’ பாட்டு, இசையமைப்பாளர் சாய் அபயங்கரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பார்த்தோம். தமிழில் சினிமாவுக்கு வெளியே ஒரு பாட்டு அந்த அளவுக்குப் பரவ, பின்னால் ஒரு நிறுவனம் இருந்தது உதவிதான்.

ஆனால் பாட்டை எல்லாத் தளங்களுக்கும் கொண்டு சேர்ப்பது மட்டும்தான் கம்பெனி தருவது என்றால், அதற்கு லேபிள் வேண்டாம். டிஸ்ட்ரோகிட், ட்யூன்கோர், சிடி பேபி போன்ற விநியோகச் சேவைகள் அதைச் செய்கின்றன. சில, ஆண்டுச் சந்தா வாங்கும். சில வருமானத்தில் சிறு பங்கு எடுக்கும். மாஸ்டர் உங்களிடமே இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில சேவைகளில் சந்தா நின்றால் பாட்டும் இறங்கிவிடும்.

எனவே கம்பெனி ஆளிடம் நேராகக் கேளுங்கள். எந்த மாதம் வெளியிடுவீர்கள், வீடியோவுக்கு எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு, கடந்த ஆண்டு நீங்கள் வெளியிட்ட புதியவர்களின் பாட்டுகள் எவை? அந்தப் புதியவர்களில் இரண்டு பேரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். கணக்கு வருகிறதா, ஃபோனை எடுக்கிறார்களா என்று அவர்கள் சொல்வது எந்த வக்கீலின் ஆலோசனைக்கும் சளைத்ததல்ல. பேச்சில் தந்த வாக்குறுதி எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்தில், இதில் எழுதியிருப்பது மட்டுமே செல்லும், முன்னால் பேசியது எதுவும் செல்லாது என்ற வரி இருக்கும்.

கம்பெனியை விட்டு வெளியே வந்து வென்றவர்களும் உண்டு. இங்கிலாந்துப் பாடகி ரே, பாலிடார் நிறுவனத்தோடு பல ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தும் முதல் ஆல்பத்தை வெளியிடவே விடவில்லை என்று 2021-இல் வெளிப்படையாகப் பேசினார். நிறுவனம் அவரை விடுவித்தது. சொந்தமாக அவர் வெளியிட்ட ‘எஸ்கேப்பிசம்’ என்ற பாட்டு 2023 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு பிரிட் விருது விழாவில் ஒரே இரவில் ஆறு விருதுகள். அதுவரை யாரும் ஒரே ஆண்டில் அத்தனை வாங்கியதில்லை. அவர் விடுவிக்கப்பட்டதால் இது நடந்தது. விடாமல் பிடித்து வைத்திருந்தால் ஒப்பந்தப்படி அவரால் என்ன செய்திருக்க முடியும் என்பது வேறு கேள்வி.

கண்ணில் படாத வரிகள்

“முதல் ஒரு பாட்டு, அதன் பிறகு கம்பெனி விரும்பினால் இன்னும் நான்கு பாட்டு” என்று வரும். விருப்பம் அவர்களுடையது மட்டும். உங்களை விடுவதா வைத்திருப்பதா என்று அவர்கள் முடிவு செய்யும்வரை வேறு எங்கும் பாட முடியாது. முடிவைச் சொல்ல அவர்களுக்குக் காலக்கெடு வேண்டும். ஒவ்வொரு புதிய பாட்டுக்கும் அட்வான்ஸ் கூடிக்கொண்டே போக வேண்டும். ‘கம்பெனிக்கு மட்டுமே பாட வேண்டும்’ என்ற நிபந்தனை இருந்தால் சினிமாவில் பாடுவதும், நண்பர் பாட்டில் நாலு வரி ராப் செய்வதும் அதற்கு விலக்கு என்று எழுதி வாங்குங்கள். நம் ஊரில் சினிமா வாய்ப்பு எந்த நேரத்திலும் வரும். அதற்குக் கம்பெனியிடம் அனுமதிக் கடிதம் கேட்டு நிற்கும் நிலை வரக் கூடாது.

மேடை நிகழ்ச்சி, விளம்பரம், டி-ஷர்ட் விற்பனை, யூடியூப் சேனல் என்று உங்கள் எல்லா வருமானத்திலும் பங்கு கேட்கும் ஒப்பந்தங்கள் இப்போது சாதாரணமாகிவிட்டன. 360 டிகிரி என்பார்கள். பங்கு கேட்பவர் அந்த வேலையைச் செய்ய வேண்டும். கச்சேரி பிடித்துத் தந்தால் கச்சேரியில் பங்கு; பிடித்துத் தராவிட்டால் இல்லை. சொந்த யூடியூப் சேனலின் கடவுச்சொல்லையும் நிர்வாகத்தையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். பாட்டை அவர்கள் சேனலில் போடட்டும். சேனல் உங்களுடையதாக இருக்கட்டும்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீங்கள் வேறு கம்பெனியிடம் போவதற்கு முன் எங்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையும் வரும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில், அவருடைய விளம்பர வாய்ப்புகளை நிர்வகித்த நிறுவனம் ஒன்று ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் இப்படி ஓர் உரிமை கோரியதை 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு நீதிமன்றம் போவதை விட, அந்த வரியை அடிக்கச் சொல்வது எளிது.

வழக்கு எங்கே நடக்கும் என்ற வரியையும் பாருங்கள். மதுரைப் பையனுக்கும் மும்பைக் கம்பெனிக்கும் தகராறு வந்தால் மும்பையில்தான் தீர்க்க வேண்டும் என்று இருக்கும். சென்னை என்று மாற்றக் கேட்பது நியாயமான கோரிக்கை. பதினெட்டு வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அதனால் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவார்கள். அந்தப் பெற்றோர்கள் பிள்ளையின் சந்தோஷத்தைப் பார்த்துத் தாளைப் பார்க்காமல் விடுவதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது.

வீட்டு வேலை

கம்பெனி வாசலுக்கு வருவதற்கு முன்பே செய்து வைக்க வேண்டியவை சில உண்டு. ஒப்பந்தத்தில், “இந்தப் பாட்டு முழுக்க என்னுடையது, யாருக்கும் இதில் உரிமை இல்லை, வழக்கு வந்தால் நஷ்டத்தை நானே ஏற்கிறேன்” என்று நீங்கள் உறுதி தர வேண்டியிருக்கும். அது உண்மையா என்று பாருங்கள். பீட் இணையத்தில் வாங்கியதா? மலிவு விலையில் வாங்கும் பீட் பெரும்பாலும் வாடகைதான். அதே பீட்டை இன்னும் நூறு பேர் வாங்கியிருப்பார்கள். அதன் மேல் பாடி யூடியூபின் கன்டென்ட் ஐடியில் உங்கள் சொத்து என்று பதிய முடியாது. முழு உரிமை வாங்கியிருந்தால் அந்த ரசீதையும் உரிமத் தாளையும் பத்திரமாக வையுங்கள். பழைய சினிமாப் பாட்டின் நாலு நொடித் துண்டை எடுத்துப் போட்டிருந்தாலும் அதற்கு அனுமதி வேண்டும்.

கூட்டாகச் செய்த பாட்டுக்கு, ரெக்கார்டிங் முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: வரிகள் யார், மெட்டு யார், மாஸ்டரில் யாருக்கு எத்தனை சதவீதம். எல்லாரும் கையெழுத்து, தேதி. அதை ஒரு படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். நாதஸ்வரம் வாசித்தவர், மிக்ஸ் செய்தவர், கோரஸ் பாடியவர் எல்லாரிடமும் பணம் கொடுத்ததற்கான ரசீதும் சம்மதக் கடிதமும் வாங்குங்கள். காசு இல்லாத நாளில் நண்பர்கள் பங்கு பற்றிப் பேசக் கூச்சப்படுவார்கள். காசு வந்த பிறகு பேசினால் நட்பும் போகும், பாட்டும் முடங்கும். எத்தனையோ நல்ல பேண்டுகள் உடைந்தது இசையில் வந்த கருத்து வேறுபாட்டால் அல்ல.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற பன்னிரண்டு எழுத்து எண் உண்டு. அந்தப் பதிவு எங்கே ஒலித்தாலும் அதை அடையாளம் காண உதவுவது இதுதான். விநியோகச் சேவைகளே அதைத் தந்துவிடும். ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் கம்பெனிக்குப் போகும்போதும் பழைய எண்ணையே வைத்திருங்கள்; மாற்றினால் ஸ்ட்ரீம் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும் அபாயம் இருக்கிறது. எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களை எழுத்துப் பிழையில்லாமல் ஏற்றுங்கள்.

உங்களிடம் பணம் கேட்கும் லேபிளோடு பேச்சை உடனே நிறுத்துங்கள். “ஐம்பதாயிரம் கட்டுங்க, சைன் பண்ணிக்கிறோம், ஒரு லட்சம் வியூஸ் காரண்டி” என்பவர் லேபிள் நடத்தவில்லை. விலைக்கு வாங்கிய போலி ஸ்ட்ரீம்களை ஸ்பாட்டிஃபை கண்டுபிடித்துக் கழித்துவிடுகிறது. விநியோகிப்பவர்களிடம் அபராதமும் வாங்குகிறது. பாட்டு இறங்கும் நிலைகூட வரும். 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் மாஸ்டர் பணம் கிடையாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

வக்கீல் செலவுக்குப் பலர் தயங்குகிறார்கள். சொத்துப் பத்திரம் பார்க்கும் வக்கீல் இதற்குப் போதாது. பதிப்புரிமை தெரிந்தவர் வேண்டும். சென்னையில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு முறை படித்துச் சொல்வதற்கு அவர் வாங்கும் கட்டணத்தை அட்வான்ஸில் கூட்டித் தரச் சொல்லிக் கம்பெனியிடமே கேட்கலாம். அவகாசம் கேட்டால் ஓடிப்போகும் கம்பெனி, கையெழுத்தான பிறகு உங்களுக்காக நிற்கப் போவதில்லை.

கடைசியாக ஒன்று, ஒப்பந்தம் வந்தாலும் வராவிட்டாலும் செய்ய வேண்டியது. ஸ்ட்ரீமிங் தளங்கள் மாஸ்டருக்கான பணத்தை லேபிளுக்கோ விநியோகச் சேவைக்கோ கொடுக்கின்றன. வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிய பணம் வேறு வழியில், 1969-இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் என்ற சங்கத்தின் வழியாக, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் போகிறது. எஃப்எம், ஓட்டல், மேடைக் கச்சேரி ஆகியவற்றிலிருந்தும் அது வசூலிக்கிறது. 2017-இல் மத்திய அரசிடம் மறுபடி பதிவு பெற்ற பிறகு அதன் பணப் பட்டுவாடா சீராகியிருக்கிறது. உறுப்பினராக இல்லாதவருக்கு அந்தப் பணம் வந்து சேராது. பாடகர்களுக்கும் வாத்தியக் கலைஞர்களுக்கும் இசம்ரா என்று தனிச் சங்கம் இருக்கிறது. நீங்கள் எழுதுகிறவராகவோ மெட்டமைப்பவராகவோ இருந்தால் இந்த வாரமே ஐபிஆர்எஸ் இணையதளத்தில் விண்ணப்பித்து, இதுவரை வெளியிட்ட ஒவ்வொரு பாட்டையும் உங்கள் பெயரில் பதிவு செய்துவிடுங்கள்.